மண்ணுக்கடியில் உள்ளதை வண்ணத்தில் காட்டிய வில்லியம் ஸ்மித்

பள்ளிக்கூடத்து அறிவியல் வகுப்பறையில் ஒரு படத்தை நம்மில் பலரும் பார்த்திருப்போம். பூமியைக் கத்தியால் வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பது போல, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகள் இருக்கும். ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு வண்ணம். ஓரத்தில் அந்தந்த அடுக்கில் கிடைக்கும் சிப்பியும் நத்தையும் மீனும் வரையப்பட்டிருக்கும். ஆசிரியர் குச்சியால் தொட்டுக் காட்டுவார். அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது என்று பிள்ளைகளுக்கு ஒரு பார்வையிலேயே புரிந்துவிடும்.

இவ்வளவு எளிதாகத் தெரியும் இந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பு இருக்கிறது. அவர் பல்கலைக்கழகத்தில் படித்தவர் அல்லர். ஒரு கொல்லரின் மகன். இங்கிலாந்தின் மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்பதை யாரும் கண்ணால் கண்டு அறிந்துகொள்ளும்படி செய்தவர். அதற்காகச் சொத்தையும் வீட்டையும் இழந்து, கடன்காரர் சிறையிலும் இருந்தவர். அவர் பெயர் வில்லியம் ஸ்மித். அவருடைய வாழ்வைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

கோலிக்குண்டும் எடைக்கல்லும்

1769-ஆம் ஆண்டு மார்ச் 23 அன்று, இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் சர்ச்சில் என்னும் சிற்றூரில் வில்லியம் பிறந்தார். தந்தை ஊர்க் கொல்லர். வில்லியமுக்கு எட்டு வயதாக இருந்தபோது தந்தை இறந்துபோனார். விவசாயம் செய்துவந்த பெரியவர் ஒருவர், உறவுமுறையில் பெரியப்பா, அவரை வளர்த்தார்.

அந்த ஊர் வயல்களில் விசித்திரமான கற்கள் கிடைத்தன. உருண்டையாக, தட்டையாக, மேலே ஐந்து இதழ்ப் பூ வரைந்தது போன்ற கோடுகளுடன் சில கற்கள். பால்பண்ணைப் பெண்கள் அவற்றை வெண்ணெய் நிறுக்கும் எடைக்கல்லாக வைத்துக்கொண்டார்கள். சிறிய உருண்டைக் கற்களைச் சிறுவர்கள் கோலிக்குண்டாக உருட்டி விளையாடினார்கள். பெரிய கற்கள் எல்லாம் ஒருகாலத்தில் கடலில் வாழ்ந்த முள்ளெலிகள், சிறியவை சிப்பி போன்ற ஓட்டுயிர்கள் என்பதையும், அவை கல்லாக மாறிய புதைபடிவங்கள் என்பதையும் அந்த ஊரில் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. கடலோ வெகு தொலைவில் இருந்தது. வில்லியம் மட்டும் அவற்றைப் பொறுக்கிச் சேர்த்தார்.

ஊர்ப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. கிடைத்த சிறு பணத்தில் நில அளவை பற்றிய புத்தகம் வாங்கித் தானே கற்றுக்கொண்டார். 1787-ஆம் ஆண்டு, 18 வயதில், எட்வர்ட் வெப் என்ற நில அளவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். சங்கிலியும் கோலும் பிடித்து ஊர் ஊராக நடந்தார். எந்த மண் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்ப்பது அவருக்குப் பழக்கமாயிற்று.

சுரங்கமும் கால்வாயும் கற்பித்த பாடம்

1791-ஆம் ஆண்டு வேலைக்காக அவர் சமர்செட் மாவட்டத்துக்கு வந்தார். அங்கே நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. அவற்றுள் இறங்கி அளவெடுத்தபோது, தொழிலாளர்கள் ஒவ்வொரு கரிப்படலத்துக்கும் ஒரு பெயர் வைத்திருப்பதையும், எந்தச் சுரங்கத்தில் இறங்கினாலும் அந்தப் படலங்கள் அதே வரிசையில் வருவதையும் கண்டார். ஆனால் கரிக்கு மேலே இருக்கும் சிவப்பு மண்ணுக்கு மேல் ஒழுங்கு எதுவும் இல்லை என்று தொழிலாளர்கள் நம்பினார்கள். வில்லியமுக்கு அது சரியாகப்படவில்லை. கீழே ஒழுங்கு இருக்குமானால் மேலே மட்டும் ஏன் இருக்கக் கூடாது?

விடை தேட ஓர் அருமையான வாய்ப்பு வந்தது. கரியைப் படகில் கொண்டுசெல்ல ஒரு கால்வாய் வெட்டத் திட்டமிட்டார்கள். அதன் பாதையை அளக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. ஏறத்தாழ இணையாக ஓடும் இரண்டு பள்ளத்தாக்குகளில் இரண்டு கிளைகள். பூமியை மைல்கணக்கில் வெட்டித் திறந்து பார்க்கும் பேறு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? இரண்டு பக்கமும் ஒரே அடுக்குகள் ஒரே வரிசையில் வந்தன. அவை எல்லாம் கிழக்கு நோக்கிச் சாய்ந்திருந்தன. வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டுகளைத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து அடுக்கிவைத்தது போல இருக்கிறது என்று அவர் எண்ணினார். பிற்காலத்தில் பிறருக்கு விளக்கவும் இந்த உவமை அவருக்கு உதவியது. எவருக்கும் தெரிந்த காலை உணவைக் கொண்டு எவருக்கும் தெரியாத பூமியின் அமைப்பைச் சொல்லிவிட்டார்.

1794-ஆம் ஆண்டு, மற்ற ஊர்க் கால்வாய்களைப் பார்வையிட, கால்வாய்க் குழுவினர் இருவருடன் வட இங்கிலாந்து வரை சுமார் 900 மைல் பயணம் செய்தார். மற்றவர்கள் கால்வாயைப் பார்த்தார்கள். இவரோ வண்டியின் சன்னல் வழியாகக் குன்றுகளின் வடிவத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். யார்க் பேராலயத்தின் கோபுரத்தில் ஏறி நின்று, தொலைவில் தெரிந்த குன்றுகளின் சாயலைக் கொண்டே அவை சுண்ணப்பாறைக் குன்றுகள் என்று கண்டுகொண்டார்.

கல்லாகிய சிப்பி தந்த விடை

அடியில் உள்ள அடுக்கு பழையது, மேலுள்ளது புதியது என்ற அடிப்படை உண்மை அப்போது அறிஞர்களுக்குத் தெரிந்ததுதான். 1669-ஆம் ஆண்டிலேயே அதை எழுதி, படமும் வரைந்து காட்டியவர் நிக்கோலஸ் ஸ்டெனோ. டென்மார்க்கில் பிறந்த அந்த அறிவியலாளர் பின்னாளில் கத்தோலிக்க ஆயரானார். 1988-ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக உயர்த்தினார்.

ஆனால் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. ஓர் ஊரில் காணும் களிமண் அடுக்கும், 100 மைல் தள்ளி இன்னோர் ஊரில் காணும் களிமண் அடுக்கும் ஒன்றா, வேறா? பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கறுப்புக் களிமண்ணைக் கண்டதும் அடியில் கரி இருக்கும் என்று நம்பி, நிலவுடைமையாளர்கள் குழி தோண்டிப் பணத்தை இழந்தார்கள்.

இந்தச் சிக்கலை அவிழ்க்கும் திறவுகோல், சிறுவயதில் அவர் பொறுக்கிய அதே கற்கள்தாம். ஒவ்வோர் அடுக்கிலும் அதற்கே உரிய புதைபடிவங்கள் இருக்கின்றன. மண்ணின் நிறம் ஏமாற்றலாம். அதில் புதைந்துள்ள உயிர்களின் கூட்டம் ஏமாற்றாது. 1796-ஆம் ஆண்டு சனவரியில், டங்கர்ட்டன் என்ற ஊரின் விடுதி ஒன்றில் தங்கியிருந்தபோது இந்த எண்ணத்தை அவர் எழுதிவைத்தார்.

நண்பர்கள் இருவர்

பாத் நகரத்தின் அருகே பெஞ்சமின் ரிச்சர்ட்சன், ஜோசப் டவுன்சென்ட் என்ற இரு ஆங்கிலிக்கத் திருச்சபைக் குருக்கள் இருந்தார்கள். இருவருக்கும் இயற்கை ஆராய்ச்சியில் ஈடுபாடு உண்டு. ரிச்சர்ட்சன் ஏராளமான புதைபடிவங்களைச் சேர்த்து அழகாக வைத்திருந்தார். வில்லியம் அவற்றைப் பார்த்தார். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இது எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று சொல்லி, அடுக்குகளின் வரிசைப்படி மாற்றி வைத்தார். பல ஆண்டுகளாகக் கற்களைச் சேர்த்தவருக்கு, அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு இருப்பது அன்றுதான் தெரிந்தது.

நண்பர்கள் இருவரும் அவரைச் சோதித்தும் பார்த்தார்கள். அவர் சொன்ன இடங்களுக்கு நேரில் சென்றார்கள். அவர் சொன்ன அடுக்குகளும் படிவங்களும் அங்கே இருந்தன.

வில்லியமுக்கு ஒரு குறை உண்டு. பேசச் சொன்னால் மணிக்கணக்கில் பேசுவார். எழுதுவது மட்டும் எளிதாக வராது. எனவே 1799-ஆம் ஆண்டு, பாத் நகரில் டவுன்சென்ட்டின் இல்லத்தில் அமர்ந்து அவர் சொல்லச் சொல்ல, நண்பர்கள் எழுதினார்கள். சுண்ணப்பாறை தொடங்கிக் கரி வரை 23 அடுக்குகளின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் நேரே அதன் தடிமன், கிடைக்கும் படிவங்கள், காணப்படும் இடங்கள். ஒரு தாளில் அடங்கிய பாடநூல் என்றே அதைச் சொல்லலாம். அதன் கைப்பிரதிகள் பல கைகளுக்குப் போயின. யார் கேட்டாலும் வில்லியம் மறைக்காமல் சொல்லிக்கொடுத்தார். அந்தத் தாராள குணத்துக்கு அவர் பின்னால் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

அதே ஆண்டு, பாத் நகரைச் சுற்றியுள்ள பகுதியின் வட்ட வடிவ வரைபடம் ஒன்றை எடுத்து, அதற்கு வண்ணம் தீட்டினார். பாத் நகர வீடுகள் கட்டப்பட்ட சுண்ணக்கல் வரும் இடத்துக்கு மஞ்சள். அதன் அடியில் வரும் நீலக் களிமண் சார்ந்த பாறைக்கு நீலம். அதற்கும் கீழே சிவப்பு மண்ணுக்குச் சிவப்பு. மண்ணின் நிறத்தையே வரைபடத்தின் நிறமாக வைத்ததால், விளக்கம் படிக்காதவருக்கும் பொருள் விளங்கியது. அதே ஆண்டில்தான் கால்வாய் நிறுவனம் அவரை வேலையிலிருந்தும் நீக்கியது.

ஒரு நாட்டின் படம்

அடுத்த 15 ஆண்டுகள் அவர் ஓயாமல் அலைந்தார். சதுப்பு நிலத்தில் நீர் வடிப்பது, ஊற்றுக்கண் தேடிக் கொடுப்பது, கரி இருக்குமா என்று சொல்வது என்று கிடைத்த வேலையைச் செய்தார். ஆண்டுக்குப் பல்லாயிரம் மைல் பயணம். சம்பாதித்த பணமெல்லாம் குறிப்பெடுக்கும் பயணத்திலேயே கரைந்தது. 1801-ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிடுவதாக அறிவித்தார். அது கைகூடவில்லை.

கடைசியில் லண்டன் வரைபட வெளியீட்டாளர் ஜான் கேரி துணைநின்றார். 1815-ஆம் ஆண்டு, இங்கிலாந்தும் வேல்சும் ஸ்காட்லாந்தின் ஒரு பகுதியும் அடங்கிய வரைபடம் வெளிவந்தது. ஓர் அங்குலத்துக்கு 5 மைல் என்ற அளவு. 15 தாள்கள். ஒன்றாக இணைத்து மாட்டினால் எட்டரை அடி உயரம், ஆறடி அகலம். ஒரு நாடு முழுவதற்குமான முதல் விரிவான நிலவியல் வரைபடம் என்று இன்று அது போற்றப்படுகிறது.

அதன் வண்ணமுறை ஆழ்ந்து சிந்தித்துச் செய்யப்பட்டது. 20-க்கும் மேற்பட்ட வண்ணங்கள். ஒவ்வோர் அடுக்கும் தன் அடியில் இருக்கும் அடுக்கோடு சேரும் விளிம்பில் வண்ணம் அழுத்தமாக இருக்கும். அங்கிருந்து மேல்நோக்கிச் செல்லச் செல்ல வெளிறிப்போகும். இதனால் தட்டையான தாளில்கூட, எந்த அடுக்கு மேலே, எது கீழே, எந்தப் பக்கம் சாய்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஓரத்தில் வேல்சின் மலையிலிருந்து லண்டன் வரை நாட்டைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படமும் இருந்தது. அச்சிட்ட கோடுகளின்மேல் ஒவ்வொரு பிரதிக்கும் கையாலேயே வண்ணம் தீட்டினார்கள். சுமார் 400 பிரதிகள் உருவாயின. பலவற்றுக்கு அவரே எண்ணிட்டுக் கையொப்பமிட்டார். கலைகளை ஊக்குவிக்கும் சங்கம் 50 கினி பரிசளித்தது.

அதோடு அவர் நிற்கவில்லை. 1816-ஆம் ஆண்டு முதல், புதைபடிவங்களைக் கொண்டு அடுக்குகளை அறியும் முறை பற்றி ஒரு நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். படங்களைச் செதுக்கியவர் புகழ்பெற்ற ஓவியர் ஜேம்ஸ் சவர்பி. இந்த நூலில் ஒரு புதுமை இருந்தது. வரைபடத்தில் ஓர் அடுக்குக்கு என்ன வண்ணமோ, அதை ஒத்த வண்ணத் தாளிலேயே அந்த அடுக்கின் படிவங்கள் அச்சிடப்பட்டன. கையில் ஒரு கல்லுடன் புத்தகத்தைப் புரட்டும் விவசாயி, படத்தோடு கல்லை ஒப்பிட்டு, தாளின் நிறத்தைப் பார்த்து, வரைபடத்தில் அதே நிறத்தைத் தேடினால் போதும். திட்டமிட்ட ஏழு பகுதிகளில் நான்குதான் வெளிவந்தன. பணம் இல்லாததே காரணம்.

சிறைக் கதவு

பாத் அருகே அவர் வாங்கியிருந்த நிலத்தில் ஒரு கல்குவாரி தொடங்கியிருந்தார். எதிர்பார்த்த தரத்தில் கல் கிடைக்கவில்லை. கடன் ஏறியது. மனைவி மனநோயால் துன்புற்றார். தந்தையையும் தாயையும் இழந்த சகோதரி மகன் ஜான் பிலிப்சை வளர்க்கும் பொறுப்பும் அவருடையதே. வாழ்நாளெல்லாம் சேர்த்த புதைபடிவங்களைப் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு விற்றார். கிடைத்தது மொத்தம் 700 பவுன். அதுவும் போதவில்லை.

இதற்கிடையே இன்னொரு அடியும் விழுந்தது. 1807-ஆம் ஆண்டு லண்டனில் நிலவியல் சங்கம் தொடங்கப்பட்டது. அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் செல்வமும் செல்வாக்கும் உடைய கனவான்கள். கொல்லர் மகனும் கூலிக்கு நிலம் அளப்பவருமான வில்லியமை அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. 1808-ஆம் ஆண்டு சங்கத் தலைவர் ஜார்ஜ் கிரீனோ அவருடைய வீட்டுக்கு வந்து சேகரிப்பைப் பார்த்துச் சென்றார். பின்னர் சங்கமே தனக்கென ஒரு வரைபடத்தைத் தயாரித்தது. அது 1820-ஆம் ஆண்டு வெளிவந்தது. வில்லியமின் உழைப்பு அதில் பயன்பட்டிருந்தது. அவருக்கு உரிய மதிப்பு தரப்படவில்லை.

1819-ஆம் ஆண்டு சூன் மாதம், கடனைத் திருப்பித் தர முடியாததால் லண்டனின் கிங்ஸ் பெஞ்ச் சிறையில் அடைக்கப்பட்டார். ஆகஸ்டு 31 அன்று வெளியே வந்தபோது வீடும் உடைமைகளும் போய்விட்டிருந்தன. வயது ஐம்பது. மனைவியுடனும் பிலிப்சுடனும் லண்டனை விட்டு வடக்கே புறப்பட்டார்.

வட்ட வடிவ மாளிகை

பலர் இந்த இடத்தில் மனம் கசந்து ஒதுங்கியிருப்பார்கள். அவரோ யார்க்ஷயரில் சிற்றூர் விடுதிகளில் தங்கி, மறுபடியும் நில அளவை வேலையைத் தொடங்கினார். 1824-ஆம் ஆண்டு வரை 21 மாவட்டங்களுக்குத் தனித்தனி நிலவியல் வரைபடங்கள் வெளிவந்தன. அதே ஆண்டு யார்க் நகரில் பொதுமக்களுக்கு நிலவியல் சொற்பொழிவுகள் ஆற்ற அழைக்கப்பட்டார். மாமனும் மருமகனுமாக வரைபடங்களையும் வெட்டுத்தோற்றப் படங்களையும் படிவங்களையும் எடுத்துக்கொண்டு ஸ்கார்பரோ, ஹல், ஷெஃபீல்ட் என்று ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்தினார்கள்.

கடற்கரை நகரமான ஸ்கார்பரோ அவருடைய முறையை ஒரு கட்டடமாகவே எழுப்பியது. ஓர் அருங்காட்சியகம் கட்ட வேண்டும் என்றபோது, வட்ட வடிவில் கட்டச் சொன்னவர் வில்லியம். பாறை அடுக்குகளின் வரிசைப்படியே சரிவான தட்டுகளில் புதைபடிவங்கள் வைக்கப்பட்டன. அடியில் பழையவை, மேலே புதியவை. மேலே குவிமாடத்தைச் சுற்றி, யார்க்ஷயர் கடற்கரைப் பாறைகளின் வெட்டுத்தோற்றத்தை ஜான் பிலிப்ஸ் வரைந்தார். உள்ளே நின்று ஒரு சுற்றுத் திரும்பினால் மாவட்டத்தின் மண்ணுக்கடியில் உள்ளது முழுவதும் தெரியும். ரொட்டண்டா என்ற இந்த அருங்காட்சியகம் 1829-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 2008-ஆம் ஆண்டு புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது.

தாமதமாக வந்த நீதி

காலம் மாறியது. சங்கத்தில் புதிய தலைமுறை வந்தது. வண்ணம் தீட்டிய அந்தப் பெரிய வரைபடத்தைப் பார்த்துத்தான் அவர்களில் பலர் நிலவியலைக் கற்றிருந்தார்கள். 1831-ஆம் ஆண்டு, எந்தச் சங்கம் அவரை ஒதுக்கியதோ அதே சங்கம் தன் மிக உயர்ந்த விருதான வொலாஸ்டன் பதக்கத்தை அவருக்கு வழங்க முடிவுசெய்தது. அதைப் பெற்ற முதல் மனிதர் அவரே. அப்போதைய தலைவர் ஆடம் செட்விக் அவரை ஆங்கில நிலவியலின் தந்தை என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு அரசு அவருக்கு ஆண்டுக்கு 100 பவுன் ஓய்வூதியம் வழங்கியது. 1835-ஆம் ஆண்டு டப்ளின் டிரினிட்டி கல்லூரி மதிப்புறு முனைவர் பட்டம் தந்தது.

1838-ஆம் ஆண்டு, தீயில் அழிந்த நாடாளுமன்றத்தை மீண்டும் கட்ட ஏற்ற கல்லைத் தேடும் குழுவிலும் அவர் இடம்பெற்றார். 1839-ஆம் ஆண்டு பர்மிங்காம் அறிவியல் மாநாட்டுக்குச் செல்லும் வழியில் நார்த்தாம்டனில் நோயுற்று, ஆகஸ்டு 28 அன்று இறந்தார். அந்நகரின் புனித பேதுரு ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் வளர்த்த பிலிப்ஸ் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நிலவியல் பேராசிரியரானார். பூமியின் வரலாற்றைத் தொல்லுயிர், இடையுயிர், புத்துயிர் ஊழிகள் என்று பிரித்துக் காலவரிசை அமைத்தவர் அவரே. 1865-ஆம் ஆண்டு கிரீனோவின் வரைபடம் மீண்டும் பதிப்பிக்கப்பட்டபோது, அது வில்லியம் ஸ்மித்தின் வரைபடத்தை அடிப்படையாகக் கொண்டது என்று அதன் தலைப்பிலேயே குறிக்கப்பட்டது.

நம் சிந்தனைக்கு

எழுத வராதது வில்லியம் ஸ்மித்தின் குறை. ஆனால் அந்தக் குறையே அவரை வேறு வழி தேட வைத்தது. சொல்லில் அடங்காததை நிறத்தில் சொன்னார். அவர் கையாண்ட ஒவ்வொன்றும், ரொட்டித் துண்டு உவமையும் வண்ணத் தாளும் சரிவான தட்டும், கேட்பவர் இடத்தில் நின்று யோசித்ததால் பிறந்தவை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்களும் பெற்றோரும் மறைக்கல்வி நடத்துவோரும் அவரிடம் கற்க இது ஒன்று உண்டு. பிள்ளைக்குப் புரியவில்லை என்றால், இன்னொரு முறை உரக்கச் சொல்வதைவிட, காட்ட முடியுமா என்று பார்க்கலாம்.

இன்னொன்றும் உண்டு. கண்டறிந்ததைப் பூட்டி வைத்திருந்தால் அவர் இழப்பு குறைந்திருக்கலாம். ஆனால் ரிச்சர்ட்சனும் டவுன்சென்ட்டும் பிலிப்சும் கிடைத்திருக்க மாட்டார்கள். அவர் பகிர்ந்தது சிலர் கையில் அநீதியாக முடிந்தது உண்மை. அவரிடம் கற்றவர்களே அந்த அநீதியைச் சரிசெய்யவும் வந்தார்கள் என்பதும் உண்மை.

நமக்குத் தெரிந்த ஒன்றை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தயங்கும் நேரத்தில் இந்தக் கொல்லர் மகனை நினைத்துக்கொள்வோம்.